எக்ஸ்ரேயில் தெரியாத பல்

போன வாரம் ராத்திரி டூட்டியில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி, வயிற்றுவலி என்று வந்தவரின் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்து, "படம் சுத்தமா இருக்கு சார், வாயுவாத்தான் இருக்கும், ஊசி போட்டு அனுப்பிடவா?" என்றான். 18 வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதும் அச்சு அசலாக இதேதான். விழுங்கின பொருள் குடலில் மாட்டி அடைத்துக்கொள்ளும்போது நாம் செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன். குழந்தைகள் விழுங்கும் நாணயம், ஊக்கு கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பார்க்காமல் விடுவது

அந்த ஆயாவுக்கு 70 வயசுக்கு மேல், திருவாரூர்ப் பக்கம். தொப்புளைச் சுற்றி விட்டுவிட்டுப் பிடிக்கிற வலி, இரண்டு தடவை வாந்தி. படுக்க வைத்தே ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். நிற்க வைத்து எடுத்தால்தான் அடைபட்ட குடலில் நீர்மட்டம் தெரியும், அதையும் செய்யவில்லை. வாயு என்று எழுதி அனுப்பிவிட்டேன். வீட்டில் விளக்கெண்ணெய் வேறு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வயிறு தவில் மாதிரி உப்பி, மலவாடை வாந்தியோடு திரும்பி வந்தார்.

வயிற்றைத் திறந்து குடலைத் தடவிக்கொண்டே போனால், சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. ரோஸ் நிறத் தகடு, அதில் இரண்டு பல். முனை குத்திக் குடல் ஓட்டையாகிவிட்டதால் ஒரு சாண் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மகனிடம் காட்டினேன். "இது வெட்டாத்துல குளிக்கிறப்ப போயிடுச்சுன்னுல்ல சார் சொல்லிச்சு, பத்து நாளா படித்துறையில தேடினோம்" என்றார். ஆயா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது, "அந்தப் பல்லக் கழுவிக் குடுத்துடு தம்பி, காசு குடுத்துக் கட்டினது" என்று கேட்டதுதான் ஆச்சரியம்.

பல் செட் பெரும்பாலும் அக்ரிலிக். அது எக்ஸ்ரேயில் விழாது, கம்பிக் கொக்கி இருந்தால் அந்தக் கம்பி மட்டும் தெரியும். மீன் முள்ளும் பல சமயம் தெரியாது. சந்தேகம் என்றால் சிடி ஸ்கேன் எடுங்கள். ஆனால் சிடிக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, காசே ஆகாதது: "பல் செட் போடுவீங்களா, இப்ப எங்க இருக்கு?" இதை நான் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

தழும்பைப் பார்த்ததும் குடல் ஒட்டல் என்று முடிவு கட்டுவது

பழைய ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்திருக்கலாம், சரி. ஆனால் அந்தக் காலத்தில் அல்சருக்கு நரம்பை வெட்டி, இரைப்பையைக் குடலோடு இணைத்த ஆபரேஷன் என்றால், அரைபடாத நார் நேரே குடலுக்கு இறங்கி உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். அந்த நோயாளிக்குப் பல்லும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். தை மாதத்தில் வந்தால் பனங்கிழங்கு சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள்.

"தானாப் போயிடும்"

இரைப்பைக்கு இறங்கிய பொருளில் பத்துக்கு எட்டு போய்விடும்தான். கூரானதும், 6 செ.மீ.க்கு மேல் நீளமானதும், 2.5 செ.மீ.க்கு மேல் அகலமானதும் அந்தக் கணக்கில் வராது.

முள்ளுக்குச் சோற்று உருண்டை

வேண்டாம்.

வயிறு உப்பினால் பேதி மருந்து

கூடவே கூடாது. அடைப்புக்கு மேலே இருக்கிற குடல் இன்னும் முக்கும், கிழியும்.