டாக்டரிடம் ‘டென்ஷன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

ஓசிடி என்ற மனநோய் என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது, கேஸை மூடினோமா என்று பத்து தடவை பார்ப்பது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். பெற்ற குழந்தையை நாமே கத்தியால் குத்திவிடுவோமோ என்ற பயம், கருவறை முன்னால் கைகூப்பி நிற்கும்போது சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம், இதெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வந்து உலுக்குவதும் ஓசிடிதான். வெளியே சொல்ல வாய் வராது. "தூக்கம் வரலை டாக்டர், ஒரே டென்ஷன்" என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் வந்தேன்.

அதனால்தான் எண்ணத்தை மறைப்பதை, டாக்டரிடம் பேசும்போது நாம் செய்யும் முதல் தவறு என்கிறேன். என்ன எண்ணம் என்று சொன்னால்தான் சரியான நோய் பிடிபடும். டாக்டர் அதிர்ந்துபோவார் என்று பயப்படாதீர்கள். ஓசிடியை அளக்க 1989-ல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோலோடு வரும் பட்டியலிலேயே பிறருக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்ற பயம், பாலியல் எண்ணங்கள், தெய்வ நிந்தனை எல்லாம் இருக்கின்றன. 1978-ல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வு, நோய் இல்லாத பெரும்பாலானோருக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவதாகக் காட்டியது. அவர்களுக்கு வந்த எண்ணம் சீக்கிரம் போய்விடுகிறது, நமக்குப் பிடித்துக்கொள்கிறது. வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், நான் கடைசியில் அப்படித்தான் சொன்னேன்.

எண்ணத்தைச் சொல்லிவிட்டு, அதற்காக நீங்கள் செய்வதைச் சொல்லாமல் விடுவது அடுத்த தவறு. மனதுக்குள்ளேயே "சாமி மன்னிச்சிடு" என்று எண்ணி எண்ணிச் சொல்வது, கத்தியை ஒளித்து வைப்பது, குழந்தையோடு தனியாக இருக்க மறுப்பது, இவையும் நோயின் பாதிதான், வெளியே தெரியாததால் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். கூட்டமான ஓபியில் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில் "குத்திடுவேன்" என்பதற்கும் "குத்திடுவேனோன்னு பயமா இருக்கு, எனக்கு அது பிடிக்கவே இல்லை" என்பதற்கும் நிறைய தூரம். ஆனால் உண்மையிலேயே சாகத் தோன்றினாலோ, யாரையாவது தாக்க நினைத்தாலோ, காதில் குரல் கேட்டாலோ அதையும் மறைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள்.

மாமியாரையோ அண்ணனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. "ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை உங்கள் உரிமையாகவே தருகிறது, பிறருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர.

"நான் அப்படிச் செய்ய மாட்டேன்ல டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது இன்னொரு தவறு. அந்தப் பதில் சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும், அந்தக் கேள்வியே நோயின் வேலை. அதற்குப் பதிலாக, பயத்தை எதிர்கொண்டு, மனதுக்குள் மன்னிப்புக் கேட்பது, கத்தியை ஒளிப்பது போன்ற சடங்குகளைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஈஆர்பி சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். மாத்திரை தந்தால் இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று நிறுத்தாதீர்கள், ஓசிடியில் 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம்.

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.