மின்முனையின் நுண்துளைகளை அளந்து சீராக்கும் முறை

வேலூர், காட்பாடி வட்டாரக் கல்லூரி ஆய்வகங்களில் லித்தியம் அயனி செல் செய்யும் மாணவர்கள், செல் தேக்கும் மின்னூட்டம் குறைந்தவுடன் வேதிப்பொருளைத்தான் முதலில் சந்தேகிக்கின்றனர். மின்முனைப் பூச்சில் பொடித்துகள்கள் எவ்வளவு நெருங்கிப் படிந்துள்ளன, அவற்றிடையே எவ்வளவு துளை எஞ்சியுள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பூச்சிட்ட அலுமினியத் தாளிலும் வெறும் தாளிலும் ஒரே அளவு வட்டத்துண்டுகளை வெட்டி, எடையையும் தடிமனையும் அளந்து, பூச்சிட்ட துண்டின் அளவுகளிலிருந்து வெறும் துண்டின் அளவுகளைக் கழிக்கவும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 12 மில்லிகிராம் பூச்சு 60 மைக்ரான் தடிமனில் இருந்தால், அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2 கிராம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 90, கார்பன் 5, துகள்களை ஒட்டவைக்கும் பிவிடிஎஃப் பைண்டர் 5 விழுக்காடு கொண்ட கலவை துளையே இன்றி இருந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3.3 ஆகும். 2-ஐ 3.3-ஆல் வகுத்து 1-இலிருந்து கழித்தால் துளைமை, அதாவது பூச்சின் கனஅளவில் துளைகளின் பங்கு, 39 விழுக்காடு. இயற்பியல் ஆய்வகத் திருகு அளவி இதற்கு உதவாது. அதன் மீச்சிற்றளவே 10 மைக்ரான். 60-ஐ 70 எனப் படித்தால் 39 என்பது 48 ஆகிவிடும். ஒரு மைக்ரான் காட்டும் மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கவும்.

துளைமை மிகுந்தால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் மின்தடை கூடும். உருளைகளுக்கிடையே பூச்சை அழுத்தி அதைக் குறைக்கலாம். அளவுக்கு மீறி அழுத்தினால், அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி உள்ளே நுழையாது. கிராஃபைட் எதிர்முனையில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் தகடு போன்ற துகள்கள் அழுத்தத்தில் படுத்துவிடுவதால், துளைமை எண் சரியாக இருந்தாலும் அயனி சுற்றிச் சுற்றியே உள்ளே செல்ல வேண்டியிருக்கும். வேகமாக மின்னேற்றினால் லித்தியம் உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதே நல்லது.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. எடுத்த எடுப்பில் அதிக வெப்பம் கொடுத்தால், என்எம்பி கரைப்பான் ஆவியாகும்போது பைண்டரும் மேலே ஏறி, தாளையொட்டிய அடிப்பகுதி பலவீனமாகும். குறைந்த வெப்பத்தில் தொடங்கி, ஈரம் போன பின்னரே வெற்றிட அடுப்பில் 120 டிகிரிக்கு உயர்த்தவும். வெயிலுக்குப் பெயர்போன வேலூரிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் காற்றின் ஈரம் பட்டு, தாளில் பூசுவதற்கான பிவிடிஎஃப் குழம்பு கூழாக இறுகக்கூடும். அந்நாள்களில் குழம்புப் பாத்திரத்தை மூடியே வைக்கவும். உலர்ந்த பூச்சில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துப் பார்த்து, கறுப்பு பெயர்ந்து வந்தால் அத்தாளைச் செல்லில் சேர்க்க வேண்டாம்.