பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது: தகராறில் முடியும் தவறுகள்

எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் போன் வாங்குகிறவர் ஒரே நேரத்தில் ஒரு பொருளை வாங்குகிறார், இன்னொரு பொருளை விற்கிறார். வாங்கியதற்கான பில்லைப் பத்திரமாகப் பீரோவில் எடுத்து வைக்கிறோம். விற்றதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட நம் கையில் இருப்பதில்லை. எந்த மாடல், எந்த நிலையில், என்ன விலைக்கு, யாரிடம் கொடுத்தோம் என்பதற்குச் சான்றே இல்லாமல் கைமாறிய போனுக்காகப் பின்னால் வழக்காடுவது மிகவும் கடினம். இது குறித்து என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய போனுக்கான ரசீதைத்தான். அநேகமாக யாரிடமும் இருப்பதில்லை.

இரண்டு விலையையும் கேட்காமல் பேரத்தை முடிப்பது

'20,000 ரூபாய் வரை எக்ஸ்சேஞ்ச்' என்ற விளம்பரத்தில் இருப்பது உச்ச விலை. அண்மையில் வந்த, விலை கூடிய மாடலுக்கு, அதுவும் குறையில்லாத நிலையில் இருந்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். மூன்று நான்கு ஆண்டு உழைத்த நடுத்தர விலை போனுக்கு அதில் சிறு பங்குதான் தேறும். கூடவே 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்று ஒன்று இருக்கும். அது குறிப்பிட்ட சில புதிய மாடல்களை வாங்குவோருக்கு மட்டும் பொருந்தும். வேறு மாடலுக்கு மாறிய பிறகும் அந்த போனஸ் வரும் என்று எண்ணிக்கொண்டு பணம் கட்டிவிட்டு, பிறகு கடைக்காரரோடு வாக்குவாதம் செய்கிறவர்கள் நிறையப் பேர்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஷோரூமில் நடக்கிறது. உங்கள் பழைய போனுக்கு வெளியில் 4,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் 7,000 தருகிறேன் என்பார். மனம் குளிர்ந்துவிடும். ஆனால் பழைய போன் எதுவும் கொடுக்காமல் முழுப் பணம் கட்டுகிறவருக்கு அதே புதிய போனில் 3,000 ரூபாய் தள்ளுபடி இருந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் என்றதும் அந்தத் தள்ளுபடியை எடுத்துவிட்டு, அதையே உங்கள் பழைய போனின் விலையில் சேர்த்துக் காட்டியிருப்பார்கள்.

ஆகவே கடைக்குள் நுழைந்ததும் பழைய போனைப் பற்றி வாயே திறக்காமல், புதிய போனின் இறுதி விலை என்ன என்று கேளுங்கள். வங்கி அட்டைத் தள்ளுபடி, தவணைத் திட்டம் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். அதன் பிறகு, பழைய போனைக் கொடுத்தால் புதியதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய போனுக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை.

ஜிஎஸ்டி சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27ஆம் விதி, பணமும் பொருளும் சேர்த்துக் கொடுத்து வாங்கும் பரிமாற்றங்களைப் பற்றியது. அதில் தரப்பட்டுள்ள உதாரணமே பழைய போன் எக்ஸ்சேஞ்ச்தான்: பழைய போனோடு 20,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ஒரு புதிய போன் தரப்படுகிறது, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் அதன் விலை 24,000 என்றால், அந்த போனின் சந்தை மதிப்பு 24,000 என்றே கொள்ளப்படும். வரியும் அந்த மதிப்புக்குத்தான். எனவே பில்லில் முழு விலையும், பழைய போனுக்காகக் கழித்த தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெறும் 20,000 என்று மட்டும் பில் வந்தால், நீங்கள் ஒரு போனைக் கொடுத்த கதையே அந்தத் தாளில் இல்லை. கையோடு திருத்தி வாங்குங்கள். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

வாசலில் நடக்கும் பரிசோதனைக்குத் தயாராக இல்லாதது

இணையத்தில் வாங்கும்போது தகராறு வீட்டு வாசலில் வருகிறது. ஆர்டர் போடும்போது செயலி சில கேள்விகள் கேட்கும்: போன் இயங்குகிறதா, திரையில் விரிசல் உண்டா, பொத்தான்கள் வேலை செய்கின்றனவா. நாம் நம் போனை எப்போதும் நல்ல போன் என்றே நினைப்பதால் எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பதில்களை வைத்துத்தான் விலை வருகிறது. டெலிவரி ஊழியர் வந்து சரிபார்க்கும் வரை அது உறுதியான விலை ஆகாது.

அவர் பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் திரையின் நான்கு ஓரங்களையும் பார்ப்பார். நகத்தால் ஒரு தடவு தடவுவார். நகம் மாட்டினால் விரிசலா என்று சந்தேகப்படுவார். திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, கோடோ புள்ளியோ தெரிகிறதா என்று பார்ப்பார். பின்பக்க மூடி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். *#06# அழுத்தி, வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணை, தம் செயலியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். அவர் கையில் இருப்பது 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கும் ஒரு பட்டியல். பேரம் பேசும் அதிகாரம் அவருக்கு இல்லை. குறையுள்ள போனை ஏற்றுக்கொண்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரோடு சத்தம் போடுவதில் பயன் இல்லை, நியாயமும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண் கூசும் என்று போனின் வெளிச்சத்தை எப்போதும் குறைத்தே வைத்திருப்பார். திரையின் வலது ஓரத்தில் மயிரிழைபோல ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. வாசலில் வெள்ளைத் திரையைத் திறந்ததும் அது பளிச்சென்று தெரிந்தது. எக்ஸ்சேஞ்ச் நிராகரிக்கப்பட்டது. பழைய போனுக்காகக் கழித்திருந்த தொகையை அங்கேயே பணமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதிய போனைத் திருப்பி அனுப்ப வேண்டும். பண்டிகைத் தள்ளுபடி முடிந்துவிட்டதால், திருப்பி அனுப்பினால் மறுபடி அந்த விலைக்கு வாங்க முடியாது. அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிக் கட்டினார். அந்த வெள்ளைத் திரைப் பரிசோதனையை ஆர்டர் போடுவதற்கு முன்னால் அவரே செய்திருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.2 முதல், எந்தெந்த உதிரிபாகங்கள் மாற்றப்பட்டன, அவை அசல்தானா என்ற விவரத்தை போனின் அமைப்புகள் பகுதியே காட்டுகிறது. எந்தெந்த பாகங்கள் என்பது மாடலைப் பொறுத்து மாறும். வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றியதை மறைத்தாலும் பரிசோதகர் அங்கே கண்டுபிடித்துவிடுவார். மறைக்காமல் முதலிலேயே சொல்லிக் குறைந்த விலையைக் கேட்டு வாங்குவதுதான் சரி.

குறையே இல்லாத போனையும் சில நேரம் நிராகரிக்கிறார்கள், அல்லது ஏதோ காரணம் காட்டி விலையைக் குறைக்கிறார்கள். அப்போது உங்களைக் காப்பாற்றுவது ஒரு வீடியோ. டெலிவரிக்கு முந்தைய நாள், வேறொரு போனில், இடையில் நிறுத்தாமல் எடுங்கள். ஐஎம்இஐ எண், வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, நான்கு ஓரங்கள், பின்பக்கம், கேமரா, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுவது எல்லாம் அதில் வரட்டும். நிராகரிப்பதற்கான காரணத்தைச் செயலியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கிருந்தபடியே வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆர்டர் போட்டபோது நீங்கள் அளித்த பதில்களையும் காட்டப்பட்ட விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

கணக்கை நீக்காமல் போனை அழிப்பது

போனை ரீசெட் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கை நீக்காமல், பொத்தான்களை அழுத்தி ரீசெட் செய்தால், மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கும். ஐபோனில், தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்காமல் கொடுத்தால் பூட்டு அப்படியே இருக்கும். திருடர்களுக்கு எதிரான நல்ல பாதுகாப்பு இது. ஆனால் போனை வாங்கிய நிறுவனத்துக்கு அது பயனற்ற பொருள். விலையை ஏற்க மாட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று கடிதம் வரும்.

நம் வீடுகளில் இது அதிகம் நடப்பது பெற்றோரின் போனில். மகனோ மகளோ வெளியூர் போகும் முன்பு தங்கள் கணக்கைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அல்லது விற்ற கடைக்காரரே ஒரு கணக்கை உருவாக்கியிருப்பார். கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இருக்காது. ஆர்டர் போடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள். ஐபோனைப் பூட்டோடு கொடுத்துவிட்டவர்கள் கலங்க வேண்டாம். ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தில் உள்நுழைந்து அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்கினால் பூட்டு விலகிவிடும்.

அழிக்கும் நேரமும் முக்கியம். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முந்தைய இரவே பேக்கப் எடுத்துவிடுங்கள். ஆனால் விலை உறுதியாகும் வரை போனை அழிக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் நிராகரிக்கப்பட்டால் கையில் வெறும் போன்தான் மிஞ்சும். புதிய போனை ஒப்படைக்க ஊழியர் கேட்கும் ஓடிபி, பெரும்பாலும் அந்தப் பழைய போனில் இருக்கும் சிம்முக்குத்தான் வரும். அதை அழித்துவிட்டு வாசலில் திண்டாடுவதைவிட, சிம்மைக் கழற்றி வீட்டிலிருக்கும் வேறொரு போனில் முன்கூட்டியே போட்டுவைக்கலாம். மெமரி கார்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாமல் இருப்பது

புதிய போனை விற்பது ஒரு நிறுவனம், பழையதை எடுத்துக்கொள்வது வேறொரு நிறுவனம் என்ற ஏற்பாடு பல ஷோரூம்களில் இருக்கிறது. பிரச்சினை வந்ததும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள். பழைய போனை வாங்குவது யார், அவர்களுடைய பெயர், முகவரி, ஐஎம்இஐ எண், ஒப்புக்கொண்ட விலை, தேதி ஆகியவை கொண்ட ரசீது இல்லாமல் போனைக் கையிலிருந்து விடாதீர்கள். 'நீங்கள் கொடுத்தது வேறு மாடல்' என்ற புகாருக்கு அந்த 15 இலக்கங்களே பதில். நாளை அந்த போன் ஏதேனும் குற்றத்தில் சிக்கினால், இன்ன தேதியில் அது என் கையைவிட்டுப் போய்விட்டது என்று காவல் நிலையத்தில் காட்டவும் அதுதான் ஆதாரம். அடையாளச் சான்று கேட்டால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுங்கள். எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் தேதியையும் அதன்மேல் எழுதுங்கள்.

உங்கள் பழைய போனே வேறொருவர் பயன்படுத்தியதை விலைக்கு வாங்கியது என்றால், அது திருட்டு போனாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண் என்று 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பியும் அறியலாம்.

புதிய போன் பழுதாக வந்து திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் பழைய போன் பெரும்பாலும் திரும்பி வராது. அதற்கு ஈடாக எவ்வளவு தருவார்கள், பணமாகவா கூப்பனாகவா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு நிபந்தனையையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

தகராறு வந்துவிட்டால்

தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருப்பது அடுத்த தவறு. இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் கூறுகின்றன. எனவே முதல் புகாரே அவருக்கு மின்னஞ்சலாகப் போகட்டும். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனம் அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ஒரு விலையைக் காட்டி ஆர்டரை வாங்கிவிட்டு, சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லாமல் வாசலில் வேறு விலை சொன்னால், 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்களையும் புகாரில் குறிப்பிடுங்கள். ஆசை காட்டி வரவழைத்துவிட்டு வேறொன்றைத் தருவது அதில் தடை செய்யப்பட்ட முறைகளில் ஒன்று.

மனுவில் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒப்புக்கொண்ட விலை இவ்வளவு, தந்தது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு, அதை வட்டியோடு தர வேண்டும், மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு என்று தொகையைப் பிரித்துக் கேளுங்கள். பில், எக்ஸ்சேஞ்ச் ரசீது, ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். வீடியோ இருக்கும் போனையோ மெமரி கார்டையோ வழக்கு முடியும் வரை அழிக்காமலும் விற்காமலும் வைத்திருங்கள்.