இணையத்தைத் தணிக்கை செய்யும் நாட்டில் மாநாடு: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக அமைப்புக் குழுவில் சேருகிறவர்கள் அனுப்பும் சுற்றறிக்கைகளைப் பார்த்தால், எங்கள் காலத்து அபத்தங்கள் வரி பிசகாமல் திரும்பி வருகின்றன. விசாவுக்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரிந்ததுதான்.

"விபிஎன் போட்டுக்கொண்டு வாருங்கள்"

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சீனாவில் மாநாடு என்றால் வரவேற்புக் கடிதத்தில் இப்படி ஒரு வரி: ஜிமெயில், விக்கிப்பீடியா கிடைக்காது, விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் மென்பொருள்) நிறுவிக்கொள்ளுங்கள். பிரச்சினை தீர்ந்ததாம். யாருக்கு? வந்துபோகிறவர் விமானம் ஏறிவிடுவார். தெற்குச் சீனாவின் குவாங்சியில் விபிஎன் விற்ற உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 2017இல் ஐந்தரை ஆண்டு சிறை விதித்தார்கள்.

ஒரு மாநாட்டில் இதே அறிவுரையை அச்சடித்துப் பதிவு மேசையில் ஒட்டியிருந்தார்கள். அடியில் "உதவிக்கு" என்று தன்னார்வ மாணவி ஒருத்தியின் பெயர், கைபேசி எண். அவளைக் கேட்கவே இல்லை. அந்தப் பெண் செலோடேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஏன் எடுத்துட்டீங்க?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். அவள் சிரித்ததோடு சரி. அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அரங்கத்துக்கே தடையில்லாத இணைப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், 2010 நவம்பரில் பெய்ஜிங்கில் கூடியபோது அப்படித்தான் செய்தது. 2020இல் வெளிவந்த அதன் ஆவணமான ஆர்எஃப்சி 8718 இதை இடத்தேர்வு நிபந்தனையாகவே எழுதிவைத்தது. அதிலும் ஒரு உறுத்தல் உண்டு: கழுத்தில் அட்டை தொங்குகிறவருக்கு கூகுள் ஸ்காலர் திறக்கும், வாசலுக்கு வெளியே நிற்கும் ஆராய்ச்சி மாணவருக்குத் திறக்காது. இதை மேடையில் சொல்ல வேண்டியவர் வெளிநாட்டுத் தலைவர். அந்த வேலையை உள்ளூர்க்காரர் தலையில் கட்டாதீர்கள்.

ரோமிங் சிம்மை நம்பித் தீர்ப்பு சொல்வது

"போய்ப் பார்த்தேன், எல்லாமே திறந்தது." திறக்கத்தான் செய்யும்; ரோமிங்கில் போகும் தரவு வழக்கமாக உங்கள் ஊர் நிறுவனம் வழியாகத்தான் போகிறது. உள்ளூர் சிம் போட்டுப் பாருங்கள்.

ஹோட்டல் ஒப்பந்தத்தைப் படிக்காதது

அதே பெய்ஜிங் கூட்டத்துக்கான ஒப்பந்தத்தில், சீன அரசை இழிவுபடுத்தினால் நிகழ்ச்சியை அங்கேயே நிறுத்தலாம் என்றொரு ஷரத்து இருந்தது. 2009இல் அதை எல்லோர் முன்னும் வைத்து விவாதித்தார்கள். நீங்களும் வையுங்கள்.

சீனா மட்டும்தான் என்று நினைப்பது

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அரசு துண்டித்த 4ஜி இணையம், முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்.

"புறக்கணித்தால் போதும்"

போதாது. தணிக்கை நாட்டைத் தவிர்த்து வேறு நாட்டில் வைத்தால், அங்கே விசா கிடைக்காதவர்கள் வெளியே நிற்பார்கள். ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்குக் கனடா விசா மறுத்த காலத்தில்தான், ஐசிஎல்ஆர் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டின் 2020 கூட்டத்துக்கு எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா தேர்வானது. எத்தியோப்பியாவோ 2019 ஜூனில் நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்த நாடு. கோவிட் வந்து மாநாடு இணையவழிக்குப் போய்விட்டதால் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கனடாவில் வைத்தால் வர முடியாதவர்கள் யார் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் மின்னஞ்சலில் "தணிக்கை பற்றி உங்கள் கருத்து?" என்று கேட்பது

வேண்டாம். நேரில், அவராகப் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.