பழைய கியர் சைக்கிளை ஒற்றைக் கியராக மாற்றுவது எப்படி?

பாண்டிச்சேரி நகருக்குள் சொல்லிக்கொள்ளும்படி மேடு கிடையாது. கூடவே கடல் உப்புக்காற்று. கியர் கேபிளும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டீரெய்லரின் ஸ்பிரிங்கும் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். அதனால் இந்த ஊருக்கு ஒற்றைக் கியர் சைக்கிள் ரொம்பவே பொருத்தம். புதிதாக வாங்குவதா, வீட்டில் கிடக்கும் டூரிங் (நெடுந்தூரப் பயணத்துக்கானது) அல்லது ரோடு (வேகமாக ஓட்டுவதற்கானது) சைக்கிளை மாற்றுவதா என்று யோசிப்பவர்கள், முதலில் பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் காடியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காடி படுக்கைவாட்டில் நீளமாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். சக்கரத்தைப் பின்னால் இழுத்தாலே செயின் இறுகிவிடும். நம் ஊர்க் கறுப்பு சைக்கிளிலும், ஒற்றைக் கியருக்கென்றே செய்த சைக்கிள்களிலும் இதே முறைதான். காடி செங்குத்தாக இருந்தால் சக்கரம் நகராது. செயினை ஸ்பிரிங்கால் இறுக்கிவைக்கும் டென்ஷனர் என்று தனியாக ஒன்று மாட்டவேண்டும். ஸ்பிரிங்கைத் தொலைக்கத்தானே இவ்வளவு பாடு? அப்படிப்பட்ட ஃப்ரேம் என்றால் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

காடி சரியாக இருந்தால் என் ஓட்டு பழைய டூரிங் சைக்கிளுக்குத்தான். மட்கார்டும் கேரியரும் மாட்ட அதில் துளைகள் இருக்கும். ஒற்றைக் கியர் மாடல்கள் பலவற்றில் அவை இருப்பதில்லை. ஐப்பசி மழையில் முதுகெல்லாம் சேறுதான்.

சரி, வேலையைத் தொடங்கலாம். கியர் லீவர், கேபிள், இரண்டு டீரெய்லர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பின்சக்கரத்தை மாற்றாதீர்கள். ஒற்றைக் கியருக்கான ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பெரும்பாலும் 120 மி.மீ. அகலம்; பழைய ரோடு ஃப்ரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126, டூரிங்கில் 135 வரை இருக்கும், பொருந்தாது.

அடுத்தது ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத் தொகுதி. மரையில் திருகிய வகை என்றால் அதற்குரிய ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றி, அந்த இடத்தில் ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீலைத் திருகவேண்டும். கருவி இல்லையென்றால் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். பிரான்சில் செய்த பழைய சைக்கிள் என்றால் ஜாக்கிரதை: அதன் மரை வேறாக இருக்கலாம். சாதாரண ஃப்ரீவீலை வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஹப்பே வீணாகும். கேசட் வகை (பல்சக்கரங்களை ஹப்பில் செருகியது) என்றால் ஒரு பல்சக்கரத்தை மட்டும் வைத்து, மீதி இடத்தை ஸ்பேசர் வளையங்களால் நிரப்பலாம்.

முன்னால் 42 பல், பின்னால் 17 பல் வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.25 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கி.மீ. வேகம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து (ஈசிஆர்) ஆரோவில் மேட்டில் அடிக்கடி ஏறுபவர்கள் பின்னால் 18 அல்லது 19 வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அவசரப்படக்கூடாத இடம் செயின் நேர்கோடு. சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பின் பல்சக்கரத்திலிருந்து முன் பல்சக்கரம் வரை செயின் வளையாமல் போகவேண்டும். கோணலாக இருந்தால் சத்தம் வரும், பல் தேயும், மேட்டில் அழுத்தும்போது செயின் கழன்றுவிடும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள டூரிங் சைக்கிளில் நடுவில் உள்ளதே பெரும்பாலும் நேராக அமையும்.

செயினை அளவாக வெட்டி மாட்டி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்குங்கள். விரலால் அழுத்தினால் செயின் நடுவில் அரை அங்குலம் ஆடவேண்டும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் விறைத்தால், அந்த இடத்துக்கு ஏற்பத் தளர்த்துங்கள்.

சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக் கட்டையும் இடம் மாறியிருக்கும். கட்டை ரிம்மில் மட்டுமே படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யாமல் சாலையில் இறங்காதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டியபின் அச்சு நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.