முதல் காதலைப் பாடும் வரிகளுக்குப் பொருள் காண்பது எப்படி?

புதுச்சேரிக்கு 1908-இல் வந்த பாரதியார், 1910-இல் ‘கனவு’ என்னும் தலைப்பில் தம் வாழ்க்கையைப் பாடினார். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்தவர்கள்கூட இந்தப் பாட்டைத் தேடிப் படிப்பது குறைவு என்பது என் எண்ணம். அதில் வரும் ‘பிள்ளைக் காதல்’ பகுதியைக் கொண்டே பழகுவோம்.

முதலில், வரிகளைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். திரைப்பாட்டாக இருந்தால் மெட்டை மறந்துவிட்டு, பல்லவி திரும்ப வரும் இடங்களையும் விடாமல் எழுதுங்கள். சரணத்தைக் கேட்டபின் அதே பல்லவி வேறு பொருள் தரக்கூடும்.

இரண்டாவதாக, நேசித்தவரின் வயதையும் பாடுபவரின் வயதையும் தனித்தனியே குறியுங்கள். இங்கே நேசித்தவன் எட்டயபுரத்துச் சிறுவன். பாடுபவரோ மணமாகி, மகள்களைப் பெற்று, ஆங்கிலேய அரசின் கைக்கு எட்டாத பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் தங்கியிருப்பவர். எந்தச் சொல் சிறுவனுடையது, எது பெரியவருடையது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

மூன்றாவதாக, உவமைகளை ஒதுக்கிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் பாருங்கள். ஆதிரைத் திருநாளில் கோயில் மண்டபத்தில் அவனோடு பேசிக்கொண்டிருந்த சிறுமி, பாதிப் பேச்சில் மறைந்து, கையில் மையோடு திரும்பி வந்து, அவன் நெற்றியில் பொட்டு வைக்கிறாள். அந்த நேரத்தில் அது விளையாட்டுத் தோழமையா, காதலா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. காதல் என்று பெயர் சூட்டுபவர் பின்னாளில் நினைத்துப் பார்ப்பவர்தான். ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள்.

சான்று இல்லாத முடிச்சுகளையும் போடாதீர்கள். அச்சிறுமியை அவர் சகுந்தலைக்கு ஒப்பிடுகிறார். அவருடைய இளைய மகளின் பெயரும் சகுந்தலாதான். இரண்டையும் இணைத்துப் பேச ஆசை எழும், ஆனால் பாட்டு அதற்கு இடம் தரவில்லை.

கடைசியாக, பிரிவுக்குப் பின் பாட்டு எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனியுங்கள். தந்தை அவனை ஆங்கிலம் படிக்க நெல்லைக்கு அனுப்புகிறார்; உடனே பாட்டின் சினம் முழுவதும் அந்தக் கல்வியின்மீது பாய்கிறது. அந்தச் சினத்தில் நாட்டுப்பற்று இருப்பது வெளிப்படை. ஆயினும் மண்டபத்தில் பாதியில் நின்ற பேச்சின் ஏக்கமும் அதில் கலந்திருப்பதாகவே நான் வாசிக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டிலும், பிரிவைச் சொல்லும் வரிக்கு அடுத்த வரியை அடிக்கோடிட்டு, அங்கிருந்து உங்கள் விளக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.