இந்தியரை மணந்த வெளிநாட்டவர் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி? புனலூரிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, திருமணமாகிக் கேரளத்தின் புனலூருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டக் குடியிருப்பில் வாழ வந்த என்னிடம் அக்கம்பக்கத்தார் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நாங்களும் சிலோனிலிருந்துதானே வந்தோம், உனக்கு மட்டும் ஏன் இத்தனை அலைச்சல்?" அவர்கள் வந்த வழி வேறு. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளும் பிரித்து ஏற்பதற்காகச் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, என் மாமியைப் போன்றவர்கள் இலங்கையில் இருக்கும்போதே இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி, இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறியவர்கள். நான் இலங்கைக் கடவுச்சீட்டிலும் விசாவிலும் வந்தவள். என்னைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குரிய சட்டப்பிரிவு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியரை மணந்து, விண்ணப்பிப்பதற்கு முன் ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வசித்தவருக்கு 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(சி) பொருந்தும். உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவர்களைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே வகைப்படுத்துவதால் இந்த வழி அவர்களுக்குத் திறப்பதில்லை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து அப்படி வந்த சில மதத்தவருக்கு வழிவிட்ட 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. போருக்குத் தப்பி ஓடியவர் விசாவுக்கு எங்கே போவார் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

அடுத்தது நாள் கணக்கு. பலரும் தவறுவது இங்கேதான். ஏழு ஆண்டுகள் என்பதை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் போதாது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களும் இடைவிடாமல் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய எட்டு ஆண்டுகளில், விட்டுவிட்டு இருந்தாலும், ஆறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்த 12 மாத விதியை, சிறப்புக் காரணம் இருந்தால், மத்திய அரசு அதிகபட்சம் 30 நாள்வரை தளர்த்தலாம். நான் விண்ணப்பிக்க இரண்டு மாதங்களே இருந்தபோது அப்பா காலமானார். எங்கள் ஊரில் அந்தியேட்டி என்னும் ஈமச்சடங்கு முப்பத்தோராம் நாள். அதை முடிக்காமல் அம்மாவை விட்டு வர மனம் வரவில்லை. திரும்பி வந்து முத்திரைகளை எண்ணியபோது 34 நாள்கள் ஆகியிருந்தன. 12 மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. ஆகவே கடவுச்சீட்டின் ஒவ்வொரு முத்திரையையும் பார்த்து, போன தேதி, வந்த தேதி என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். வசிப்பு அனுமதி ஒரு நாள்கூடக் காலாவதியாகக் கூடாது. புதுப்பிப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

மூன்றாவதாக ஆவணங்கள்: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி, பதிவுத் திருமணச் சான்றிதழ், கணவர் அல்லது மனைவி இந்தியர் என்பதற்கான சான்று. இவற்றைத் திரட்டுவதைவிட, எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கச் செய்வதுதான் பெரும்பாடு. என் பெயரில் வரும் வகரத்துக்கு இலங்கையில் ஆங்கில எழுத்தாக டபிள்யூ போட்டிருந்தார்கள்; இங்கே திருமணப் பதிவில் வி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, அப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நின்றது. கேரளத்தில் இதற்கு வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழ் உண்டு. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று அது சொல்லும். கடைசியில் வாங்கலாம் என்று வைக்காமல் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பிறகு உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்சிட்டு, ஆவணங்களுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது மாநில அரசு வழியாக டில்லிக்குப் போகும். இடையில் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும். வந்தவருக்கு மாமி கட்டன்சாயா கொடுத்துத் தம் கப்பல் கதையையும் சொல்லி முடித்தார். இதன்பின் காத்திருப்பதுதான் வேலை. அந்தக் காலத்திலும் வசிப்பு அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் விண்ணப்பம் ஏற்கத்தக்கது என்ற கடிதம் வந்த பிறகே பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை என்பதற்காக அவசரப்பட்டு முன்பே துறந்தால், இடையில் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாமல் நிற்க நேரும். கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுப்பதும் குடியுரிமையைத் துறப்பதும் ஒன்றல்ல. துறந்ததற்கான சான்றிதழ் தனியாக வேண்டும் என்பதையொட்டிக் கேரள உயர் நீதிமன்றம்வரை வழக்கு போயிருக்கிறது.

அந்தச் சான்றையும் கட்டணத்தையும் செலுத்தி, இந்திய அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்தால் இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைக்கும். வாங்கியவுடன், மேசையை விட்டு எழுமுன், பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். நான் முதலில் தேடியது அந்த வகரத்தைத்தான்; வி என்றே இருந்தது.